ஒரே உறையில் இரண்டு கத்தியா?

‘ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது’ என்பார்கள் நம் பெரியோர். குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் சொல்லப்பட்டு வந்த இந்தப் பழமொழி, கணினியில் நிரல் எழுதும் மாணவர்களுக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற பருவத்தில்தான் நான் உணர்ந்தேன்.

என் அறைத்தோழர் இறுதியாண்டு ஆய்வுக்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதிவந்தார். அது நம்பை என்னும் கணக்கு நிரலகத்தின் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் இரவு, கழக வேலைக்காக, அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக மாற்றும் வேறொரு கருவியைத் தம் மடிக்கணினியில் நிறுவினார். அது தனக்கு வேண்டிய புதிய நம்பையைத் தானே இறக்கி, பழையதை அகற்றிவிட்டது. மறுநாள் காலை ஆய்வு நிரல் ஓட மறுத்தது. 2024 ஜூன் மாதத்தில் வெளியான நம்பை 2.0, முந்திய பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்ட பல நிரலகங்களோடு ஒத்துப்போகாது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தம் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத நண்பர், அதிலிருந்த தவற்றைத் தேடி இரண்டு நாள்களை வீணாக்கினார்.

இதைத் தனி ஒருவரின் அவசரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதே காரணத்தால் நம் கழகங்கள் தங்கள் உழைப்பை ஆண்டுதோறும் இழந்துகொண்டிருக்கின்றன என்பதே என் கருத்து. அதை விளக்கவே இக்கட்டுரை.

சார்பு என்றால் என்ன?

இன்று எவரும் ஒரு மென்பொருளை முதல் வரியிலிருந்து தாமே எழுதுவதில்லை. கணக்கிட ஒன்று, படம் வரைய ஒன்று, தமிழ் எழுத்தைப் பிரிக்க ஒன்று எனப் பிறர் எழுதிய நிரலகங்களை எடுத்துப் பயன்படுத்துகிறோம். நம் நிரல் அவற்றைச் சார்ந்து நிற்பதால் அவற்றைச் சார்புகள் என்கிறோம். அந்தச் சார்புகளுக்கும் சார்புகள் உண்டு. நாம் ஒன்றைக் கேட்டால் இருபது வந்து இறங்குவது இதனால்தான்.

எல்லாம் ஒரே பொது இடத்தில் வந்து இறங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அந்த இடத்தில் ஒரு நிரலகத்துக்கு ஒரு பதிப்புதான் இருக்க முடியும். முதல் திட்டத்துக்குப் பழைய பதிப்பும் இரண்டாம் திட்டத்துக்குப் புதிய பதிப்பும் தேவைப்பட்டால், கடைசியாக நிறுவியதே நிலைக்கும், மற்றது விழும். 1990களில் விண்டோஸ் கணினிகளிலும் இதே தொல்லை இருந்தது. ஒரு மென்பொருள் பொதுக் கோப்புறையில் இருந்த டிஎல்எல் கோப்பை மாற்றிவிட, அதை நம்பியிருந்த இன்னொரு மென்பொருள் முடங்கும். அக்கால நிரலாளர்கள் அதை ‘டிஎல்எல் நரகம்’ என்றே அழைத்தார்கள்.

நாற்றுப் பண்ணை சொல்லும் பாடம்

இதற்குத் தீர்வு என்ன என்று விரிவுரையில் கேட்டபோது எனக்குச் சி ரூசாதான் நினைவுக்கு வந்தது. அங்கே பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர் என் பாட்டி. முளைவிட்ட ஒவ்வொரு விதையும் தனித்தனிச் சிறு பையில் நடப்படும். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துப் பெரிய கறுப்புப் பாலித்தீன் பைக்கு மாறும். ஏறக்குறைய ஓராண்டு முடிந்த பிறகே காட்டுக்குப் போகும். பள்ளி விடுமுறையில் பாட்டியுடன் போன நான், “இத்தனைப் பை எதற்குப் பாட்டி? எல்லாத்தையும் ஒரே பாத்தியில் போட்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறேன். “ஒண்ணோட வேர் ஒண்ணுல பின்னிக்கிட்டா, பிடுங்கறப்ப ரெண்டும் போயிடும்டா” என்றார்.

தனிச்சூழல் என்பதும் இதுதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பை. அதற்கு வேண்டிய நிரலகங்கள் அதற்குள்ளேயே இருக்கும். பக்கத்துத் திட்டத்தின் வேரோடு பின்னாது. ஒன்று பழுதானால் அந்தப் பையை மட்டும் எறிந்துவிட்டுப் புதிதாக இடலாம்.

பண்ணையில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பகுதியின் முன்னும் ஒரு பலகை நட்டிருப்பார்கள். எந்த விதை, எப்போது நட்டது என்ற விவரம் அதில் இருக்கும். பலகை இல்லாவிட்டால் நாற்று பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அது என்ன இனம் என்று அடுத்தவருக்குத் தெரியாது. மென்பொருளில் அந்தப் பலகை, சார்புகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிவைக்கும் பட்டியல் கோப்பு. பை, பலகை ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் போதாது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கணினி உலகம் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டும் காட்டி அடைத்துவைக்கும் ‘சிஎச்ரூட்’ வசதி 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே வந்தது. பைத்தான் நிரலாளர்களுக்காக இயன் பிக்கிங் 2007இல் ‘வெர்ச்சுவல்என்வ்’ கருவியை வெளியிட்டார். 2012இல் வந்த பைத்தான் 3.3இல் ‘வீ-என்வ்’ என்ற பெயரில் அந்த வசதி மொழியோடு சேர்ந்தே வந்துவிட்டது. இயங்குதளத்தின் கோப்புகளையும் சேர்த்துக் கட்டித்தரும் டாக்கர் 2013இல் அறிமுகமானது. 2023இல் வெளியான டெபியன் 12 இன்னும் ஒருபடி மேலே போனது. பொது இடத்தில் ‘பிப்’ கொண்டு எதையாவது நிறுவ முயன்றால், தனிச்சூழல் அமைத்துக்கொள்ளுமாறு கூறி மறுத்துவிடுகிறது. காரணம் எளிது. அந்த இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானைச் சார்ந்திருக்கின்றன. நாம் கலைத்தால் கணினியே தடுமாறும்.

தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

“இது கணினித் துறை மாணவர்களின் கவலை, தமிழ்மொழிக் கழக மலரில் எதற்கு?” என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழ்க் கணிமை வரலாற்றை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1990களில் தமிழில் தட்டச்சு செய்த கோப்பு ஒவ்வொன்றும் ஓர் எழுத்துருவைச் சார்ந்திருந்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘அ’ அமர்ந்த எண்ணில் இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் வேறோர் எழுத்து அமர்ந்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய காலம் அது. இணையம் வழிக் கூடிய தமிழர்கள் திஸ்கி குறியீட்டை வகுத்தார்கள். 1999 சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாப், டாம் குறியீடுகளை ஏற்றது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. 1991 முதலே யுனிக்கோடில் தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், அது பரவலாகும்வரை குறியீட்டுக் குழப்பம் நீடித்தது.

அந்தக் காலத்துக் கோப்புகளில் எவை பிழைத்தன? மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கினார்கள். அவர்களுடைய மின்னூல்களின் முகப்பிலேயே அது எந்தக் குறியீட்டில் உள்ளது, படிக்க என்ன எழுத்துரு வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். கோப்பே தன் சார்பைத் தன் வாயால் சொன்னது! திஸ்கியில் இருந்த நூல்களைப் பின்னர் யுனிக்கோடுக்கு மாற்ற முடிந்ததற்கு, எது எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று தெரிந்திருந்ததும் ஒரு காரணம். குறிப்பே இல்லாமல் எவருடைய வட்டிலோ கிடந்த கோப்புகளைத் திறந்து பார்த்தவர்கள் அனுபவித்த தலைவலியைக் கழகத்தின் முன்னாள் உறுப்பினர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எழுத்துருவில் பட்ட அதே அடியை நாம் இன்று நிரல்களில் படுகிறோம்.

ஒரு விரலியின் கதை

கழகத்தின் அலமாரியில் ஒரு விரலி கிடந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான சொல் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன் ஒருவர் எழுதியது. திரையில் வரும் சொல்லில் எத்தனை எழுத்து என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு தமிழ்ப்பள்ளிக்குச் சென்றபோது அதை எடுத்துப் போகலாம் என்று நினைத்தோம். உடன் இருந்த தாளில் ‘பைத்தானில் ஓடும்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

ஓடவில்லை. அச்சிடும் கட்டளையின் வடிவம் பழையது. அதைத் திருத்தினோம், ஓடியது. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தோம். எழுத்து இரண்டு என்றது!

காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். ‘தமிழ்’ என்பதில் நமக்கு எழுத்து மூன்று. யுனிக்கோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். கோப்பில் பரவலாகச் சேமிக்கப்படும் யூடிஎஃப்-8 முறையில், குறிக்கு மூன்று பைட்டாக, மொத்தம் பதினைந்து பைட்டுகள். பைத்தான் 2 சாதாரணச் சரத்தைப் பைட்டுகளாகவே எண்ணும். பதினைந்து என்று சொல்லும். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 அதே சரத்தை ஐந்து என்று சொல்லும். அண்ணன் பைத்தான் 2க்கு ஏற்றாற்போல், மூன்று மூன்று பைட்டாக வெட்டி, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் கழித்துச் சரியாக எண்ணியிருந்தார். புதிய பைத்தானில் அதே நிரல் மூன்று மூன்று குறிகளாக வெட்டியது. ‘தமி’ ஒரு துண்டு, ‘ழ்’ ஒரு துண்டு, ஆக இரண்டு.

நண்பர்களே, நிரல் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. பழுது என்று தெரிந்துவிடும். நிற்காமல் தவறான விடையைத் தரும்போதுதான் ஆபத்து. அன்று நாங்கள் சோதித்துப் பார்க்காமல் போயிருந்தால், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால், ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எழுத்து இரண்டு என்று சொல்லிக் கொடுத்திருப்போம்.

பிறகு டாக்கர் வழியாகப் பைத்தான் 2.7ஐத் தனியே நிறுத்தி அண்ணனின் மூல நிரலை ஓட்டினோம். மூன்று என்றது. அவர் எழுதியதில் தவறே இல்லை. ‘பைத்தான் 2.7’ என்று தாளில் எழுதாததுதான் குறை. அதற்கும் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. எந்தப் பதிப்பு என்று எழுதிவை என அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். எங்களுக்கும்தான் யாரும் சொல்லவில்லை.

தமிழ் மென்பொருள்களில் பெரும்பகுதி இப்படித்தான் எழுதப்படுகிறது. முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியும், தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் ‘ஓப்பன் தமிழ்’ நிரலகமும் தன்னார்வ உழைப்பில் வளர்ந்தவையே. மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள். மூன்றாண்டு படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிய நிறுவனத்தில் ஒருவர் விலகினால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர இன்னொருவரை அமர்த்துவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அடுத்தவர் கணினியில் எழுந்து நிற்காத தமிழ் மென்பொருள், எழுதியவரின் மடிக்கணினியோடு முடிந்துபோகும். தனிச்சூழல் பழக்கம் மற்றவர்களைவிட நமக்கு அதிகம் தேவை என்று நான் வாதிடுவது இதனால்தான்.

மறுப்புகளும் விடைகளும்

“என் மடிக்கணினியில் இடமில்லை” என்பது முதல் மறுப்பு. நியாயமானதுதான். வெறும் பைத்தான் சூழலுக்குச் சில பத்து மெகாபைட் போதும் என்றாலும், பைடார்ச் போன்ற பெரிய நிரலகம் சேர்ந்தால் ஜிகாபைட் கணக்கில் விழுங்கும். ஆனால் ‘யூவி’, ‘பிஎன்பிஎம்’ போன்ற கருவிகள், ஒரே பதிப்பைப் பல திட்டங்கள் கேட்டால் வட்டில் ஒருமுறை மட்டும் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழியைக் கையாளுகின்றன. மேலும், முடிந்த திட்டத்தின் சூழலை அழித்துவிடலாம். பலகை இருந்தால் பையை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கட்டலாம்.

“புதிதாகக் கற்கும் மாணவரை இது பயமுறுத்தும்” என்பது அடுத்தது. உண்மையில் இதற்கு வேண்டியவை சூழலை உருவாக்க ஒரு கட்டளை, அதற்குள் நுழைய ஒரு கட்டளை, பட்டியலை எழுத ஒரு கட்டளை, அவ்வளவே. முதல் வாரத்திலேயே கற்றுத் தந்தால் பல் துலக்குவதுபோல் பழகிவிடும். இறுதியாண்டில் நிரல் உடைந்த பிறகு கற்பதுதான் பயமுறுத்தும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. “பதிப்பை உறையவைத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராதே?” ஆம், சேராது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இணையத்தில் திறந்துவைப்பது அறிவுடைமை ஆகாது. எங்கள் விளையாட்டை இணையத்தோடு இணைக்காமல்தான் ஓட்டினோம். ஆனால் இதுவே பட்டியல் வேண்டும் என்பதற்கும் காரணம். 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரலகத்தில் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோது, உலகெங்கும் நிறுவனங்கள் எதிர்கொண்ட முதல் கேள்வி, “நம்மிடம் அது எங்கே இருக்கிறது?” என்பதுதான். பட்டியல் வைத்திருப்பவருக்குத் தேட வேண்டிய இடம் தெரியும்.

தனிச்சூழல் எல்லா நோய்க்கும் மருந்து என்றும் நான் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினோரு வரி நிரலகத்தை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நேராகவோ சுற்றியோ சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. என்பிஎம் ஒவ்வொரு திட்டத்தின் சார்புகளையும் அதனதன் கோப்புறையில்தான் வைக்கிறது. அங்கே பையும் இருந்தது, பலகையும் இருந்தது, விதைக்கடைதான் மூடிக்கிடந்தது. சில மணி நேரத்தில் அந்த நிரலகத்தைத் திரும்ப வைத்ததால் நிலைமை சீரானது. நீண்டகாலம் காக்க வேண்டிய திட்டத்துக்குச் சார்புகளின் நகல்களையும் சேர்த்துப் பாதுகாப்பதே நல்லது.

நாம் செய்ய வேண்டியது

கழகத்துக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. கழகத்தின் பெயரால் எழுதப்படும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனிச்சூழலில் உருவாகட்டும். பைத்தானின் பதிப்பும் சார்புகளின் பதிப்புகளும் அடங்கிய பட்டியல் அதோடு இருக்கட்டும். ‘வீ-என்வ்’ நிரலகங்களை மட்டுமே பிரிக்கும், பைத்தானின் பதிப்பைத் தானே மாற்றாது என்பதால், அந்த எண்ணை எழுத மறக்கக்கூடாது. சூழல் கோப்புறையை அப்படியே விரலியில் நகலெடுத்துக் கொடுப்பதும் பயன்படாது. அதற்குள் பழைய கணினியின் முகவரிகள் பதிந்திருக்கும். பட்டியலைக் கொடுத்தால் புதிய கணினியில் புதிய சூழலைக் கட்டிக்கொள்ளலாம். எப்படி ஓட்டுவது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிவைத்தால் இன்னும் சிறப்பு.

இன்னொன்றையும் பரிந்துரைக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பழைய செயலவை கணக்குப் புத்தகத்தையும் சாவியையும் புதிய செயலவையிடம் ஒப்படைக்கிறது. அதே நாளில் மென்பொருள்களையும் ஒப்படைக்கட்டும். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற பேச்சை ஏற்கக்கூடாது. புதிய பொறுப்பாளரின் கணினியில், எழுதியவர் கை வைக்காமல், பட்டியலை மட்டும் பார்த்து ஓட வேண்டும். ஓடினால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு.

முன்னாள் உறுப்பினர்களான அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பழைய வட்டுகளில் நீங்கள் எழுதிய தமிழ் நிரல்கள் இருக்கலாம். அவை எந்தப் பதிப்பில், எவற்றைச் சார்ந்து ஓடின என்று நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நிரலைத் திருத்தும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த அண்ணனின் விளையாட்டு இப்போது தன் சூழலில் நன்றாக ஓடுகிறது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் மூன்று என்கிறது. விரலியில் இருந்த தாளில், ‘பைத்தானில் ஓடும்’ என்ற வரிக்குக் கீழே ‘2.7’ என்று நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு அந்த இரண்டு இலக்கங்கள் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.